சனிக்கிழமை மடுவத்தில் நடந்தது

ஸுலைஹா டீச்சர் கேள்வி கேட்டால் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கண்டி இராச்சியம் எந்த ஆண்டு ஆங்கிலேயர் வசமானது?"

"ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து, டீச்சர்."

"எப்படி வசமானது?"

"பிரதானிகள் மனமுவந்து ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர், டீச்சர்."

மனமுவந்து என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பு வாயடைத்துவிடும். தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்கும். கொட்டகலை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், 1963ஆம் ஆண்டு ஆனி மாதம் முழுக்க மழை விட்டபாடில்லை. பிள்ளைகள் சுற்றுத் தோட்டங்களிலிருந்து நனைந்துகொண்டே வந்து, நனைந்த கம்பளிகளை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, ஈரக் கால்களோடு உட்கார்ந்து சரித்திரத்தை மனப்பாடம் செய்தார்கள்.

ஸுலைஹா ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த இப்றாஹிம் முதலாளியின் ஒரே மகள். ஆசிரியர் கலாசாலையில் படித்துவிட்டு வந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. அங்கே ஒரு விரிவுரையாளர் சரித்திரத்தை வேறு மாதிரிச் சொல்லிக்கொடுத்திருந்தார். நடந்த ஒன்றைப் பற்றி இரண்டு பேர் சொன்னதைப் பக்கத்தில் பக்கத்தில் வை; சொன்னவர் எங்கே நின்றார், யாருக்குச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நல்லது என்று கேள்; ஆண்டும் பெயரும் அதற்குப் பிறகு தானாக மனதில் நிற்கும். இதை அவள் தலைமையாசிரியர் முத்துலிங்கத்திடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல முறைதான், டீச்சர். ஆனா சோதினைத் தாளில அப்பிடிக் கேக்க மாட்டினம். இந்தப் பிள்ளையள் பாஸ் பண்ணினாத்தான் கொழுந்துக் கூடையை விட்டு வெளிய வரலாம். அதை மட்டும் யோசியுங்கோ" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேல் மலைநாட்டில் கழித்தவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவும் அவளை அரித்தது.

அந்தப் புதன்கிழமை அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"இன்றைக்கு ராஜாக்கள் வேண்டாம். நீங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் பார்த்தபடி சொல்லுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று பார்ப்போம்."

போன மாதம் மண் சரிந்து ரயில் நின்றுபோனதைப் பற்றிச் சொல்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் முன் வாங்குப் பலகையிலிருந்த மீனம்மா எழுந்தாள்.

"சனிக்கெழம எங்க தோட்டத்து மடுவத்துல கணக்கப்பிள்ளை ஐயா விழுந்தாருங்க டீச்சர். அதச் சொல்லலாங்களா?"

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் படியிலிருந்து கணக்கப்பிள்ளை பொன்னையா விழுந்து கையை முறித்துக்கொண்டார் என்பது பஸ்ஸில் அவள் காதிலும் விழுந்திருந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். சொல்லு என்றாள்.

"மழ பேஞ்சு கல்லு வழுக்கிக் கெடந்துச்சு. ஐயா மேப்படியில கால வச்சாரு. வழுக்கி விழுந்துட்டாரு."

அடுத்து அதே தோட்டத்துப் பையன் ஒருவன். "மழ பேஞ்சு கல்லு வழுக்கிக் கெடந்துச்சு. ஐயா மேப்படியில கால வச்சாரு." மூன்றாவதாக எழுந்தவனும் அதையே சொன்னான். ஒரு சொல்கூட மாறவில்லை.

ஸுலைஹாவுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். தேடிக்கொண்டிருந்த உதாரணம் தானாகக் கையில் வந்து விழுந்துவிட்டது. மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பார்த்தீர்களா? மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒரே சொல்லில் சொல்கிறீர்கள். சாட்சிகள் ஒரே சொல்லில் பேசினால் சரித்திரம் படிக்கிறவன் என்ன நினைக்க வேண்டும்? யாரோ கூடிப்பேசிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டும். அப்படி யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?"

மீனம்மா குனிந்து பாவாடை ஓரத்தைப் பிழிந்தாள். அப்போது பின் வாங்கில் ராசம்மா எழுந்தாள். அந்த வகுப்பில் இருந்த மூன்று பெண் பிள்ளைகளில் அவள்தான் பெரியவள், உயரமானவள், எதையும் மெதுவாகச் சொல்கிறவள்.

"வழுக்கி விழல டீச்சர். எங்கப்பாதான் தள்ளினாரு."

"ராசம்மா, குந்து" என்றாள் மீனம்மா அடங்கிய குரலில்.

"கணக்கப்பிள்ளை கொழுந்து நிறையில வெட்டிக் கொறச்சு எழுதினாரு. எங்கம்மா ஏன்னு கேட்டாங்க. கன்னத்துல அறைஞ்சாரு. எங்கப்பா கொழுந்துச் சாக்கக் கீழ போட்டுட்டு வந்து நெஞ்சுல கைய வச்சுத் தள்ளினாரு. நான் தராசுக்குப் பக்கத்துல நின்னேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஸுலைஹா என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் வழக்கமான கூச்சலில்லாமல் வெளியே போனார்கள். வராந்தாவில் மீனம்மா மட்டும் நின்று, "டீச்சர், அவுங்க அப்பாவப் பொலிஸ்ல புடிச்சுட்டுப் போயி, நேத்துத்தாங்க பெணையில விட்டாங்க. வழுக்கி விழுந்தாருன்னு சொல்லணும்னு லயத்துல எல்லாருங் கூடிப் பேசிருக்காங்க" என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை. தெரியாதவளுக்குத் தெரியவைக்கும் குரல். அதுதான் அதிகம் சுட்டது.

*

வகுப்பில் பேசியது வெள்ளிக்கிழமைக்குள் தோட்டத்து ஆபீஸ் வரை போய்விட்டது. யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. நாற்பது பிள்ளைகள் கேட்ட ஒன்று எந்த வழியாகவும் போகும்.

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் போனபோது வாப்பா துணிச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மேசை மேல் பிரித்த துணிகள் மலைபோல் கிடந்தன.

"தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வந்துட்டுப் போறார்" என்றார். "இவ்வளவையும் பிரிச்சுப் பார்த்தார். ஒன்டும் வாங்கல்ல. போகக்குள்ள ஒங்கட மகள் எப்பிடி, நல்லாப் படிச்சுக் குடுக்கிறாவான்னு கேட்டார்."

ஸுலைஹா ஒரு சுருளை எடுத்துச் சுற்றினாள். அந்தத் தோட்டத்துக்கு வருஷா வருஷம் கம்பளி கொடுப்பது இந்தக் கடைதான்.

"என்ன நடந்த மகள்?"

சொன்னாள். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. வாப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கம்பளிய விடுங்க. அது நம்மட்ட இல்லாட்டி வேறெங்கையாவது வாங்குவாங்க. ஒங்களக் கோட்டுக்குக் கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க? புள்ள சொன்னதச் சொன்னா அந்த மனுசன் உள்ளுக்குப் போவான். சொல்லல்லன்னா பொய் சத்தியம். ரெண்டும் நமக்கு ஆகாது." கொஞ்சம் நின்று, "ரெண்டு பொம்புளப் புள்ளைகள்ட வாய்க்குள்ள இதப் போட்டுட்டீங்களே, மகள்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டு பேரில் ஒருத்தி தான்தான் என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையல்கட்டுக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவாள். ஜன்னலைத் திறந்து பஜாரைப் பார்ப்பாள். பொலிஸ்காரர் யாராவது தெருவில் போனால் மூடிவிடுவாள். கலாசாலையில் எழுதிய பாடக்குறிப்புகளை எடுத்துப் புரட்டினாள். இரண்டு சாட்சிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சாட்சி உயிரோடு இருந்தால், அவளுக்குப் பதினைந்து வயது என்றால், அவள் அப்பன் பிணையில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. செத்தவர்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை உயிரோடிருப்பவர்களிடம் கேட்டுவிட்டோம் என்று தோன்றியது.

*

திங்கட்கிழமை ராசம்மா வரவில்லை. செவ்வாய்க்கிழமை பொலிஸ் சார்ஜன்ட் வந்தார்.

நடுத்தர வயது சிங்களவர். தமிழைத் தட்டுத் தடுமாறி, ஆனால் விளங்கும்படி பேசினார். தலைமையாசிரியர் அறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர் பயப்பட வேணாம். சின்ன விசயம். அந்தப் பிள்ள வகுப்பில என்ன சொன்னது? அத சொன்னா நான் எழுதிட்டுப் போறது."

ஸுலைஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மடுவத்தில் இருக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது."

"டீச்சர் இருந்ததா நான் கேக்க இல்ல. பிள்ள சொன்னது என்ன?"

"அது பாடம். பாடத்துக்காகப் பிள்ளைகள் பேசினது."

"பாடத்தில பொய் சொல்றதா, உண்மை சொல்றதா?"

அப்போது முத்துலிங்கம் இருமினார். இவ்வளவு நேரமும் எதிரே இருந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"சார்ஜன்ட், இது பள்ளிக்கூடம். வகுப்புக்குள்ள பிள்ளையள் கதைக்கிறதை நாங்கள் வெளியில குடுக்கத் தொடங்கினால், நாளைக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளையும் இங்க வராது. கோட்டிலயிருந்து கடுதாசி வந்தால் டீச்சர் வருவா. அதுக்கு முதல் இல்லை."

சார்ஜன்ட் இருவரையும் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "கடுதாசி வரும்" என்றார் சாதாரணமாக.

அவர் போனதும் ஸுலைஹா நன்றி சொல்ல வாயெடுத்தாள். முத்துலிங்கம் கையை உயர்த்தினார்.

"உங்களுக்காகச் சொல்லேல்லை. நான் பள்ளிக்கூடத்துக்காகச் சொன்னனான். நாளையிலிருந்து ஒன்பதாம் வகுப்புச் சரித்திரத்தை நான் எடுக்கிறன். நீங்கள் கீழ் வகுப்புக்குத் தமிழ் வாசிப்பு எடுங்கோ." பிறகு குரல் தணிந்தது. "நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிறது சோம்பேறித்தனம் எண்டு நீங்கள் நினைக்கிறியள். எனக்கும் உங்கட வயதில இதெல்லாம் தெரியும், டீச்சர். நோட்ஸில எழுதினதால ஒருத்தரும் மறியல் கம்பிக்குப் பின்னால போனதில்லை."

*

புதன்கிழமை பள்ளி விட்டதும் ஸுலைஹா ஹட்டன் பஸ்ஸில் ஏறவில்லை. மீனம்மாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் ஏறினாள். இத்தனை நாள் வகுப்பில் பார்த்த பிள்ளைகளின் குடும்பங்கள் வரிசைக் காம்பராக்களில் குடியிருக்கும் லயத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. பீலிக்கடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

ராசம்மாவின் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா. அவள் அப்பன் சோலைமலை வேலைக்குப் போயிருந்தான். வாசலில் அவள் தாய் அம்மாக்கண்ணு, கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் உட்காரப் பலகையை எடுத்துப் போடவில்லை.

"புள்ள பள்ளிக்கு வராதுங்க டீச்சரம்மா. வேலைக்குப் பேர் பதியப் போறோம்."

"நான் மன்னிப்புக் கேட்க வந்தேன். தெரியாமல் கேட்டுவிட்டேன்."

"தெரியாமக் கேட்டீங்களோ, தெரிஞ்சு கேட்டீங்களோ. நாங்க லயமே கூடி ஒரு பேச்சுன்னு வச்சிருந்தோம். யூனியன் ஐயாகிட்டயும், கேசு பேசுற புரக்டருகிட்டயுஞ் சொல்லியாச்சு. இந்தக் கழுத போயி நாப்பது பேருக்கு முன்னால ஒடச்சுட்டு வந்துருக்கா. அவ அப்பன் ரெண்டு நாளாச் சோறு திங்கல."

உள்ளே இருட்டிலிருந்து ராசம்மா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"டீச்சர் கேட்டதுனால நான் சொல்லலம்மா."

"வாய மூடு."

"வழுக்கி விழுந்தாருன்னு ஊரே சொல்லுது. கணக்கப்பிள்ளை என்னான்னா, எங்கப்பா குடிச்சிட்டு வந்து சும்மா தள்ளினாருன்னு சொல்றாரு. ரெண்டுலயும் ஒன்னய அறைஞ்சது இல்ல. அப்ப அது நடக்கலையா? நான் பாத்தேன்ல. நீ கன்னத்தப் பொத்திக்கிட்டு நின்னியே."

அம்மாக்கண்ணு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். சுற்றிய கயிற்றை அவிழ்த்தாள். திரும்பச் சுற்றினாள். ஸுலைஹாவுக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது, அசையவும் முடியவில்லை. தனக்கு இந்தச் சம்பவத்தில் தெரியவேண்டியதெல்லாம் தள்ளினானா இல்லையா என்பதாகவே இத்தனை நாள் இருந்தது. அறை வாங்கிய பெண்ணைப் பற்றி அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

"கூடிப் பேசுனப்ப" என்றாள் அம்மாக்கண்ணு கடைசியில், மகளையும் பார்க்காமல் டீச்சரையும் பார்க்காமல், "நானும் வாசல்ல ஒக்காந்துதான் இருந்தேன். அறைஞ்சதச் சொன்னா தள்ளினதையுஞ் சொல்லணும், அதனால அது வேணாம்னாங்க. ஏம்மா, ஒனக்குச் சம்மதமான்னு ஒருத்தருங் கேக்கல. நானும் சொல்லல." கூடையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். "வெளிச்சம் போறதுக்குள்ள எறங்கிருங்க. அட்டை இருக்கும், பாத்துப் போங்க."

*

ஹட்டன் கோட்டில் வழக்கு எடுத்த நாளில் ஸுலைஹாவுக்கும் கடுதாசி வந்திருந்தது. வாப்பா கூட வந்தார். சாட்சிகள் நிற்கும் வராந்தாவில் அவளுக்கு ஒரு முக்காலி தேடிக் கொடுத்துவிட்டு, தூணில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று காலையிலிருந்து இரண்டு பதில் தயாராக வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

கதவு வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. கட்டுப்போட்ட கையோடு பொன்னையா முன் வரிசையில் இருந்தார். சோலைமலை கூண்டில் ஏறினான். வெள்ளை வேட்டி, யாரிடமோ இரவல் வாங்கிய மேல்கோட்டு. மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, "குற்றவாளியா, சுத்தவாளியா?" என்று கேட்டார்.

யூனியன் பிடித்துக் கொடுத்த புரக்டர் தலையை அசைத்துச் சாடை காட்டினார். சோலைமலை அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற அம்மாக்கண்ணுவைப் பார்த்தான்.

"தள்ளினேன் சாமி. எம் பொண்டாட்டிய அறைஞ்சாரு. தள்ளினேன்."

புரக்டர் எழுந்தார், என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார். பொன்னையா, அது பொய் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதவான் அவரைப் பேசவிடாமல், அந்தப் பெண் வந்திருக்கிறாளா என்று கேட்டார். அம்மாக்கண்ணு முன்னால் போனாள். அவள் சொன்னது வராந்தாவுக்குக் கேட்கவில்லை. வலது கன்னத்தில் கையை வைத்ததும், பிறகு தராசு எங்கே இருந்தது, படி எங்கே இருந்தது என்று வெறும் காற்றில் இடம் காட்டியதும் தெரிந்தது. சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுதுகிறவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஸுலைஹாவின் பெயரைக் கடைசிவரை கூப்பிடவில்லை.

சோலைமலைக்கு அபராதமும் எச்சரிக்கையும். மறியலில் அடைக்கவில்லை. பொன்னையாவுக்கு நீதவான் சில வார்த்தை சொன்னதாகப் பேசிக்கொண்டார்கள். அவர் மேல் வழக்கு ஒன்றும் இல்லை, அவர் வேலையும் அப்படியே. ஆனால் அடுத்த வாரம் தோட்டத்து ஆபீஸ் சோலைமலை குடும்பத்தை வேலையிலிருந்து நிறுத்திப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டது. அந்தச் சீட்டு கைக்கு வந்தால் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். இறம்பொடைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அம்மாக்கண்ணுவின் தமையன் இருந்தான். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று லொறியில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இது நல்லதாக முடிந்ததா, கெட்டதாக முடிந்ததா என்று ஸுலைஹாவால் தீர்மானிக்க முடியவில்லை. ஒரு நாள் ஒன்றாகத் தோன்றும், மறுநாள் மற்றது. கீழ் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்து அறையிலிருந்து முத்துலிங்கம் நோட்ஸ் சொல்லும் குரல் வரும். ஒரு நாள் அந்தக் குரல் நடுவில் நின்றது. ஏதோ ஒரு பையன், "மனமுவந்துன்னு யாருங்க ஐயா சொன்னது?" என்று கேட்டிருந்தான். பிறகு தலைமையாசிரியர், "ஆங்கிலேயர் எழுதி வச்சது. மற்ற ஆக்கள் எழுதினதையும் நாளைக்குப் பாப்பம். இப்ப இதை எழுது" என்றார். ஸுலைஹா வாசித்துக்கொண்டிருந்த வரியை விட்டுவிட்டாள். குழந்தைகள் காத்திருந்தார்கள்.

*

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை அவள் நுவரெலியாவுக்கு பஸ் ஏறி, அங்கே மாறி இறம்பொடைக்கு இறங்கினாள். ராசம்மா கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அங்கேயுள்ள பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்க்க அவளைத் தன்னோடு அனுப்பும்படி கேட்டபோது அம்மாக்கண்ணு, "கூட்டிக்கிட்டுப் போங்க. அங்க எடம் குடுத்தாப் படிக்கட்டும்" என்றாள். இந்தத் தடவை பலகையை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணியும் கொடுத்தாள். மன்னித்துவிட்டாளா என்று ஸுலைஹா கேட்கவில்லை.

ரோட்டோரப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் சனிக்கிழமையிலும் ஆபீஸில் இருந்தார். செல்லசாமி என்று பெயர், மலைநாட்டுக்காரர், களைத்த முகம். ராசம்மாவின் பழைய பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்தார். திருப்திப்பட்டது போலத்தான் இருந்தது.

"நல்லாத்தான் படிச்சிருக்கு. வருஷ நடுவுல ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"அப்பாவுக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்தது" என்றாள் ஸுலைஹா சட்டென்று. பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்த பதில். பொய்யும் இல்லை, யாருக்கும் தொந்தரவும் இல்லை.

"இல்லைங்க ஐயா" என்றாள் ராசம்மா.

ஸுலைஹா அவள் முழங்கையைத் தொட்டாள். ராசம்மா கையை மெதுவாக விலக்கிக்கொண்டாள்.

"எங்களத் தோட்டத்த விட்டு நிப்பாட்டிட்டாங்க. எங்கம்மாவக் கணக்கப்பிள்ளை அறைஞ்சாரு. எங்கப்பா அவரத் தள்ளினாரு. கை ஒடஞ்சுபோச்சு. கோட்டுல ரெண்டையுஞ் சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் பத்துச்சீட்டுக் குடுத்தாங்க."

செல்லசாமி பேனாவை மூடினார். வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்று ஸுலைஹா கைப்பையை எடுத்தாள்.

"எந்தத் தோட்டம்?" என்றார்.

ராசம்மா சொன்னாள்.

"நெறை வெட்டினாரா?"

"ஆமாங்க. எங்கம்மா கேட்டதே அதத்தாங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்மலையில் அருவி மழை மூட்டத்தோடு சேர்ந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார்.

"வாய் கொஞ்சம் நீளந்தான்" என்றார் பிறகு. "சரி, திங்கக்கெழம வா. கம்பளி எடுத்துக்கிட்டு வா, இங்க கூரை ஒழுகும்."

வெளியே வந்ததும் இருவரும் பஸ் நிற்கும் வளைவு வரை நடந்தார்கள். ஸுலைஹாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எதைத் தொடங்கினாலும் தன்னை நியாயப்படுத்துவதாகவே முடியும் போலிருந்தது. ராசம்மாவே கேட்டாள்.

"அந்தக் கண்டிப் பாடம் பாதியில நின்னுபோச்சுங்களே டீச்சர். கையெழுத்துப் போட்டவங்க வீட்டுப் பொம்பளைங்க என்னா சொன்னாங்கன்னு எங்கயாவது இருக்குங்களா?"

"தெரியாது" என்றாள் ஸுலைஹா. "நான் தேடிப் பார்க்கவில்லை."

வளைவில் சிவப்பு பஸ் வந்தது. அவள் ஏறி, கண்டக்டரிடம் நுவரெலியா என்று சொல்லிவிட்டு, பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். ராசம்மா நிற்கவில்லை. மழைக்கு முன்னால் வீடு சேர வேண்டும் என்று கொழுந்து மலைக்குள் குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள்.